ஜீப்பை உயர்த்தும் மோகம்!

ஜீப்பு வாங்கும் வாலிபர்களை இப்போது ஒரு மோகம் பிடித்து ஆட்டுகிறது. வண்டியை உயர்த்தும் மோகம்!

புது வண்டி வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. "இரண்டு அங்குலம் தூக்க வேண்டும்" என்று கிளம்பிவிடுகிறார்கள். திருவல்லிக்கேணிக்காரர்கள் இதற்காக வெகு தூரம் போக வேண்டியதில்லை. ராயப்பேட்டைப் பக்கம் திரும்பினால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. அங்கே மோட்டார் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அண்ணா சாலையைக் கடந்து, கூவத்தையும் தாண்டினால் புதுப்பேட்டை. பழைய வண்டிகளைப் பிரித்து, சாமான்களைத் தனித்தனியாக விற்கும் இடம் அது. கையில் பணம் இருந்தால் போதும். வண்டி உயர்ந்துவிடும்.

வண்டி உயரும், சரி. அதில் ஏறுகிறவர்களின் பாதுகாப்பும் உயருமா? அதுதான் கேள்வி.

உயரத்துக்காகச் சாமான் வாங்கக் கூடாது. வண்டி சுமக்கும் பாரத்துக்காகவும், அது ஓடும் பாதைக்காகவும்தான் வாங்க வேண்டும். இது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

வில் தாங்கும், ஷாக் அடக்கும்

கிராமத்து வில்வண்டியைப் பலர் பார்த்திருப்பீர்கள். கட்டை வண்டி ஆளைத் தூக்கித் தூக்கிப் போடும். வில்வண்டி அப்படிப் போடாது. கூண்டுக்கும் அச்சுக்கும் நடுவில் வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருப்பார்கள். அதுதான் வில். மோட்டார்க்காரர்கள் அதையே ஸ்பிரிங் என்கிறார்கள். பழைய ஜீப்புகளில் இருப்பது இந்தப் பட்டை வில்தான். புது வண்டிகளில் சுருள் வில் வந்துவிட்டது.

பாரத்தைத் தாங்குவது வில்லின் வேலை. ஆனால் வில்லுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு தடவை அமுக்கி விட்டால் அது குதித்துக்கொண்டே இருக்கும். அந்தக் குதிப்பை அடக்குவதுதான் ஷாக் அப்சார்பர். சுருக்கமாக, ஷாக்.

ஷாக் என்பது ஒரு குழாய். அதற்குள் எண்ணெய் இருக்கிறது. எண்ணெய்க்குள் சிறு துளைகள் உள்ள ஒரு பிஸ்டன் மேலும் கீழும் போகிறது. வில் குதிக்கும்போது எண்ணெய் அந்தத் துளைகளின் வழியே பிதுங்குகிறது. குதிப்பின் வேகம் சூடாக மாறி அடங்கிவிடுகிறது.

ஷாக் கெட்டுப்போனால் என்ன ஆகும்? சக்கரம் தரையில் நிற்காமல் துள்ளும். தரையைத் தொடாத சக்கரத்தில் பிரேக் பிடித்து என்ன பயன்? ஆகவே ஷாக் என்பது சொகுசுச் சாமான் அல்ல, உயிர் காக்கும் சாமான்!

எது உயருகிறது?

வண்டியை உயர்த்த இரண்டு வழிகள் உண்டு. இருக்கும் வில்லின் மேல் ஒரு வளையத்தை வைத்து உயர்த்துவது ஒன்று. இதை ஸ்பேசர் என்பார்கள். செலவு குறைவு. உயரமான வில்லையே போட்டு, அதற்கு ஏற்ற நீளத்தில் ஷாக்கும் போடுவது இன்னொன்று. செலவு அதிகம். ஆனால் இதுவே முறையான வழி.

சரி, உயர்த்தினால் எது உயருகிறது? மகிந்திரா தார் வண்டியைப் பார்ப்போம். 2020-ம் ஆண்டில் வந்த தாரில் முன் சக்கரங்கள் தனித்தனியாக அசையும். பின் சக்கரங்கள் இரண்டுக்கும் ஒரே அச்சு. அந்த அச்சின் நடுவில், பல்சக்கரங்களை அடக்கிய ஓர் உருண்டை இருக்கிறது. அதை டிபரென்ஷியல் என்பார்கள். பாதையில் கிடக்கும் பாறை முதலில் பதம் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

வில்லை உயர்த்தினால் வண்டியின் உடல் உயரும். அந்த உருண்டை ஒரு நூல்கூட உயராது! அதை உயர்த்தக்கூடியது பெரிய டயர் ஒன்றுதான். இந்த உண்மை தெரியாமலே பலர் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

உடல் உயர்வதால் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. செங்குத்தான மேட்டில் ஏறும்போது மூக்கு இடிக்காது. மேட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாது. அப்படிப்பட்ட பாதையில் அடிக்கடி போகிறவருக்கு அது உதவும். மாதம் முழுவதும் பாரதி சாலையிலும் பெரிய தெருவிலும் ஓட்டுகிறவருக்கு எதற்கு?

தேனி மாவட்டத்தில் கொழுக்குமலை என்று ஒரு மலை இருக்கிறது. 7000 அடிக்கு மேல் உள்ள தேயிலைத் தோட்டம் அது. கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். பாதை முழுவதும் கல்லும் குழியும். பட்டை வில் போட்ட பழைய ஜீப்புகள் அங்கே எத்தனையோ ஆண்டுகளாக ஏறி இறங்கி வருகின்றன. சக்கரத்தை எந்தக் கல்லின் மேல் வைப்பது என்று பார்த்து, மெள்ள மெள்ள ஓட்டுகிறார்கள். மலையேறப் பெரிதும் வேண்டியது அந்த நிதானம்தான்.

வெள்ளத்துக்கு உதவாதா?

"2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்துவிட்டீர்களா? 2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வந்தபோது சென்னை மிதக்கவில்லையா? உயரமான வண்டி இருந்தால் நல்லதுதானே?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

2020 தாரின் தரை இடைவெளி 226 மில்லிமீட்டர். 650 மில்லிமீட்டர் ஆழம் வரை, அதாவது இரண்டடிக்குச் சற்று மேல் வரை, தண்ணீரில் இறங்கலாம் என்று கம்பெனியாரே சொல்கிறார்கள். வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக அது போதாத அளவுக்குத் தண்ணீர் நின்றால், அந்தத் தெருவில் எந்த வண்டியையும் இறக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீர் வண்டியைத் தூக்கித் தள்ளிவிடும். மூடி இல்லாத சாக்கடை தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு அங்குல உயரம் தருகிற தைரியம், ஆளை ஆழத்துக்கு அழைத்துப் போய்விடும்.

உயர்த்தினால் வரும் கேடு

முதல் கேடு, கவிழும் அபாயம். ஒரு கணக்குப் பாருங்கள். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே 1500 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி 750. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 700 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். 750-ஐ 700-ஆல் வகுத்தால் 1.07 வரும். இந்த எண் எவ்வளவு பெரிதோ, வண்டி அவ்வளவு உறுதியாக நிற்கும். எடை மையம் இரண்டு அங்குலம், அதாவது 50 மில்லிமீட்டர், உயர்ந்தால் என்ன ஆகும்? எண் 1.00 ஆகக் குறைந்துவிடுகிறது. கூரையின் மேல் மூட்டையும் கட்டினால் இன்னும் குறையும்.

பார்த்தசாரதி கோயில் தேரைப் பாருங்கள். அது உயரமானது. அதனால்தான் ஆடி அசைந்து நகர்கிறது. திருப்பத்தில் முட்டுக்கட்டை போட்டு, பார்த்துப் பார்த்துத் திருப்புகிறார்கள். நம் வாலிபர்கள் ஜீப்பை அப்படியா திருப்புகிறார்கள்?

இரண்டாவது கேடு, மற்ற உறுப்புகளுக்கு வருவது. உடல் உயர்ந்து அச்சு தாழ்ந்தால் பிரேக் எண்ணெய்க் குழாய் இழுபடும். எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் சாய்வு மாறும். முன் சக்கரத்து மூட்டுகள் கோணலாகச் சுழன்று சீக்கிரம் தேயும். ஸ்டியரிங் நிலைகொள்ளாமல் அலையும். வில்லுக்கு மட்டும் விலை கேட்டுவிட்டு, இந்தச் செலவுகளை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது கேடுதான் மிகவும் கொடியது. மூக்கு உயர உயர, அதன் முன்னால் நிற்கும் குழந்தை கண்ணில் படாது! நம் மாட வீதிகளில் பிள்ளைகள் ஓடுகின்றன, மாடு படுத்திருக்கிறது, பூக்காரி உட்கார்ந்திருக்கிறாள். முன் விளக்கும் உயர்ந்து எதிரே வருகிறவரின் கண்ணைக் கூசச் செய்யும். வீட்டுப் பாட்டியோ வண்டியில் ஏறவே முடியாது.

கடையில் என்ன கேட்பது?

ஷாக் தேய்ந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். வண்டியின் ஒரு மூலையை அழுத்திக் கையை எடுங்கள். ஒரு தடவை எழும்பி நின்றால் நல்லது. திரும்பத் திரும்ப ஆடினால் ஷாக் போய்விட்டது. குழாயில் எண்ணெய் கசிந்தாலும், டயர் திட்டுத் திட்டாகத் தேய்ந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

வாங்கும்போது, வண்டியில் வழக்கமாக எத்தனை பேர் ஏறுவார்கள், எவ்வளவு சாமான் ஏற்றுவீர்கள் என்பதைக் கடைக்காரரிடம் சொல்லுங்கள். அதிக பாரத்துக்கு உண்டான கெட்டியான வில்லைக் காலி வண்டிக்குப் போட்டால் வண்டி குதிரைபோல் துள்ளும். ஷாக்கின் முழு நீளம் எவ்வளவு, அமுங்கிய நீளம் எவ்வளவு என்று கேளுங்கள். குட்டையான ஷாக் சக்கரத்தைக் கீழே இறங்க விடாது. நீளம் மிஞ்சிய ஷாக், குழியில் விழும்போது உள்ளுக்குள் முட்டி உடையும்.

ஒற்றைக் குழாய் ஷாக், இரட்டைக் குழாய் ஷாக் என்று இரண்டு வகை உண்டு. ஒற்றைக் குழாய் சீக்கிரம் சூடு ஆறும். ஆனால் கல் பட்டு நசுங்கினால் வேலை கெட்டுவிடும். இரட்டைக் குழாய் சிறு நசுங்கலைத் தாங்கும், விலையும் பொதுவாகக் குறைவு. குடும்ப வண்டிக்கு இரட்டைக் குழாய் போதும். வெளிநாட்டுப் பெயரைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். கேப்ரியல் இந்தியா கம்பெனி 1961-ம் ஆண்டு முதல் நம் நாட்டில் ஷாக் செய்கிறது. நம் ஓசூரிலும் அதற்கு ஆலை இருக்கிறது.

ஒரு பக்கத்து ஷாக் கெட்டாலும் அதே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். பில் வாங்குங்கள். புதுப்பேட்டையில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம். பழைய ஷாக் மட்டும் வேண்டவே வேண்டாம்! அதன் கோளாறு குழாய்க்குள் இருக்கிறது. எவ்வளவு நாணயமான வியாபாரியாலும் அதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

கம்பெனி குறித்துக் கொடுத்த விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது, 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை வலியுறுத்தித் தீர்ப்புக் கூறியது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் உண்டு. ஆறு மாதம் வரை சிறையும் கிடைக்கலாம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கம்பெனியும் கேள்வி கேட்க இடம் ஏற்படும். தேய்ந்த ஷாக்கை அதே அளவில் மாற்றுவது பராமரிப்பு. வண்டியின் அளவையே மாற்றுவது வேறு விஷயம். சந்தேகம் இருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்ட பிறகே கை வையுங்கள்.

பணம் செலவழிக்க ஒரு வரிசை உண்டு. முதலில் நல்ல டயர், அதில் சரியான காற்று. அடுத்து நல்ல ஷாக். அதன் பிறகு, பாரம் கூடியிருந்தால், அதற்கேற்ற வில். உயரம் கடைசி. பெரும்பாலான வீடுகளில் அந்தக் கடைசிப் படிக்குப் போகவே வேண்டியிராது.

தெருவில் நாலு பேர் அண்ணாந்து பார்ப்பது பெருமை அல்ல. மலைக்குப் போன குடும்பம் மாலையில் சுகமாக வீடு திரும்புவதுதான் பெருமை!