அத்தையின் சீர் ஸ்டாண்டுக்குப் புது வண்ணம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று தட்டு வைத்த மர ஸ்டாண்டு ஒன்று உண்டு. 1974-ல் கல்யாணமாகி வந்தபோது என் மாமியார் சீராகக் கொண்டுவந்தது. பொங்கலுக்குப் பொங்கல் யாராவது ஒரு பெயிண்டை அடித்து அடித்து, மஞ்சளுக்கு மேல் பச்சை, பச்சைக்கு மேல் நீலம் என்று தடித்துப் போய், ஓரமெல்லாம் செதில் செதிலாக உரிந்து நின்றது.

"பழைய சாமான்காரனுக்குப் போட்டுடலாமா அத்தை?" என்று ஒருநாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"மரம் இன்னும் கல்லு மாதிரி இருக்கே, அதைப் போய் போடுவாங்களாம்மா?" என்றார். முகம் வாடிவிட்டது. சரி, நாமே புதுசாக்கிவிடலாம் என்று உப்புத்தாள் வாங்கி வந்து, தாழ்வாரத்தில் உட்கார்ந்து பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தேன். ஒன்றரை வயசுப் பேரன் பக்கத்திலேயே தவழ்ந்து, தரையில் விழுந்த தூளில் கை வைத்து, அந்தக் கையையே வாயில் வைத்துக்கொண்டிருந்தான். நான் கவனிக்கவே இல்லை.

பக்கத்து வீட்டில் பெயிண்ட் வேலைக்கு வந்திருந்த பெரியவர்தான் மதில்மேல் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார். "அம்மா, பழைய பெயிண்டைக் காயத் தேய்க்காதீங்க! அந்தக் காலத்து மஞ்சளிலே ஈயம் இருக்கும். குழந்தையை முதல்லே தூக்குங்க!"

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை. மறுநாளே டாக்டரிடம் ஓடினோம். ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பரிசோதனை செய்யச் சொன்னார். முடிவு வரும்வரை மகளின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசியது. நல்லவேளை, பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது.

அப்புறம் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். பெயிண்ட் சீக்கிரம் காயவும், நிறம் எடுப்பாக இருக்கவும் முன்பெல்லாம் ஈயம் சேர்ப்பார்கள். மஞ்சள், சிவப்பு நிறங்களில் அதிகம். அது குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்று ஓர் அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் நாட்டில் 2016-ல் விதி வந்து, 2017 நவம்பரிலிருந்துதான் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்றாயிற்று. அதற்கு முன் அடித்த எதையும் சந்தேகத்தோடுதான் தொட வேண்டும்.

ஸ்டாண்டை அந்தப் பெரியவர் சொன்னபடியே பிறகு முடித்தேன். நீங்களும் செய்யலாம்.

குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் முதலில் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். வேலையை வெளியே, பழைய பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வையுங்கள். முகத்துக்கு வெறும் துணி போதாது, என்95 மாஸ்க் வேண்டும். பழைய பெயிண்ட் உரியாமல் கெட்டியாக இருந்தால் முழுக்க எடுக்கவே வேண்டாம். தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் பளபளப்பு மங்கும் அளவுக்கு லேசாகத் தேய்த்தால் போதும். உரிந்த இடத்தையும் ஈரமாகவே சுரண்டுங்கள். நெருப்புக் காட்டி உரிக்கவே கூடாது. துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து, துணி, செதில் எல்லாவற்றையும் விரிப்போடு சுருட்டிக் கட்டிப் போட்டுவிடுங்கள். உடனே குளித்து, போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். சாமான் முழுக்க உரிந்து கிடந்தால் விஷயம் தெரிந்த ஆளிடம் விட்டுவிடுவதே நல்லது.

மரம் நன்றாகக் காய்ந்ததும் ஆணி ஓட்டைகளுக்குப் பட்டி வைத்து, வுட் பிரைமர் ஒரு கோட். இரும்புச் சாமானானால் ரெட் ஆக்ஸைடு பிரைமர். ஒருநாள் கழித்து எனாமல், மெல்லிசாக இரண்டு கோட். ஒரேயடியாகத் தடிமனாக அடித்தால் வழிந்து, சுருங்கிவிடும். ஒரு கோட்டுக்கும் மறு கோட்டுக்கும் ஒரு ராத்திரியாவது இடைவெளி வேண்டும். வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்துங்கள். மழைக்காலத்தில் இந்த வேலையே வேண்டாம். டப்பாவில் ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல் இல்லை என்று அச்சிட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள். சின்ன ஸ்டாண்டுக்கு 200 மில்லி டப்பா தாராளம். பிரஷ் கழுவிய டர்பன்டைன் துணியை அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒரு வாரம் ஆறப்போட்டு அப்புறம் சாமான் அடுக்கினால் ஒட்டிக்கொள்ளாது.

பாலிஷ் போட்ட தேக்கு, பித்தளைச் சாமான் இவற்றுக்கு மட்டும் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். அவற்றின் அழகே போய்விடும்.

எங்கள் ஸ்டாண்டு இப்போது தந்த நிறத்தில், ஓரத்தில் மெரூன் கரை போட்டு நிற்கிறது. பின்பலகையில் தச்சர் உளியால் செதுக்கிய '1974' மட்டும் பெயிண்ட் படாமல் அப்படியே இருக்கிறது. அது அத்தையின் உத்தரவு. பேரன் அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கிறான். இப்போது எனக்குப் பயமில்லை.