விஞ்ஞான விந்தை: மணற்சந்தில் ஒரு வம்சம்

கடற்கரைக்குப் போய் வரும் குழந்தைகளின் கால்களில் ஈர மணல் ஒட்டிக்கொண்டு வருகிறது. வாசற்படியில் ஒரு செம்பு நீரை ஊற்றி அதைக் கழுவி விடுகிறோம். அம்மணலுக்குள் பிராணிகள் குடித்தனம் நடத்துகின்றன என்ற நினைவு நமக்கு வருவதில்லை. ஒரு மணலுக்கும் அடுத்த மணலுக்கும் இடையே உள்ள சந்தில் கடல் நீர் தங்கி நிற்கிறது. அந்தச் சந்தே அவற்றுக்கு வீடும் வீதியும்.

அவற்றுள் ஒரு வகுப்புக்குக் காஸ்ட்ரோட்ரிக் என்று பெயர். கிரேக்க பாஷையில் 'வயிற்று மயிர்' என்பது இதன் பொருள். வயிற்றுப் புறத்தில் அடர்ந்துள்ள நுண்ணிய மயிர்களை அசைத்து இது ஊர்ந்து செல்கிறது. இவ்வகுப்பில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் நீளங்கூட வளர்வதில்லை. இவற்றுள் மாக்ரோடாஸிஸ் என்ற ஜாதியை ஜெர்மானிய அறிஞர் அடால்ஃப் ரெமானே 1924-இல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார்.

இத்தனை சிறிய உயிர் தன் வம்சத்தை எவ்வாறு காக்கிறது? இதைப் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை. பூவின் மகரந்தத்தைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்ல நாம் கூசுகிறோமா?

கடலிலே சிப்பியும் கடல் முள்ளெலியும் பெருந்தனக்காரர்கள். கோடிக்கணக்கான விந்தணுக்களை நீரில் வாரி இறைக்கின்றன. முட்டைகளையும் அப்படியே விட்டு விடுகின்றன. எங்கேயோ சில கூடினால் போதும். அந்த விந்தணுவின் அமைப்பும் எளிது: குட்டையான தலை, அதன் அடியில் சக்தி தரும் சில மணிகள், நீண்ட வால். திறந்த நீரில் நீந்த வேறென்ன வேண்டும்?

மணற்சந்துப் பிராணியோ ஏழை. அதன் உடலில் ஏராளமாகச் சேர்த்து வைக்க இடமில்லை. முட்டை ஒன்றிரண்டாகத்தான் முதிர்கிறது. உடலை நோக்க அது மிகப் பெரிது. இருப்பதை அலையில் இறைத்துவிட்டால் குலமே அற்றுப்போகும். ஆகையால் இயற்கை சிக்கனமான வழியை வகுத்திருக்கிறது. மாக்ரோடாஸிஸ் ஓர் அர்த்தநாரி. ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஓருடலிலேயே உண்டு. விந்தணுவைத் துணைக்குக் கொடுக்க உடலின் பின்புறத்தில் ஒரு பை இருக்கிறது. துணையிடமிருந்து பெற்றதைச் சேமித்து வைக்க வேறொரு பையும் இருக்கிறது. விந்தைப் பாருங்கள்! கொடுக்கும் பைக்கும் விந்து உண்டாகும் இடத்துக்கும் உள்ளே குழாய்த் தொடர்பு இல்லை. விந்து வயிற்றுப்புறத் துவாரத்தின் வழியே வெளியே வந்துதான் அப்பைக்குள் சேர வேண்டும். ஆண் சிலந்தியும் தன் விந்தை முதலில் வெளியிட்டு, பிறகு முகத்தருகே உள்ள உறுப்பில் நிரப்பிக்கொண்டே துணையைத் தேடிப் போகிறதல்லவா?

விந்தணுவின் உருவமும் இங்கே மாறிவிடுகிறது. சாதாரண நுண்காட்டிக்கு அது ஒரு மெல்லிய நூலாகவே தெரியும். 1931-இல் பெர்லினில் குனோலும் ருஸ்காவும் எலெக்ட்ரான் நுண்காட்டியை அமைத்தார்கள். பிற்காலத்தில் அக்கருவி உள்மர்மத்தைக் காட்டிற்று. இவ்வகுப்பின் பல இனங்களில் விந்தணுவின் தலை திருகாணி போல் முறுக்கியிருக்கிறது. உட்கருவே ஒரு சுருளாக வளைந்து, சக்தி தரும் உறுப்பைத் தன் நடுவே பொதிந்து வைத்திருக்கிறது. ஸ்வீடன் தேசத்து ஓகே ஃபிரான்ஸேன் பலவகைப் பிராணிகளின் விந்தணுக்களை ஒப்பிட்டு 1956-இல் ஓர் உண்மையை விளக்கினார்: நீரில் விடப்படுவது எளிய உருவம், உடலுக்குள் பயணம் செய்வது மாறிய உருவம். செல்லும் வழிக்கு ஏற்ற வாகனம் என்பதே அதன் சாரம்.

இவை அயல்நாட்டுக் கரைகளுக்கு மட்டும் உரியவை என்று எண்ண வேண்டாம். வால்டேர்க் கடற்கரையின் மணற்சந்து உயிர்களைப் பற்றி பி. என். கணபதியும் ஜி. சந்திரசேகர ராவும் 1962-இலேயே ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். சிப்பியின் குஞ்சு நீரில் மிதந்து வேறு கரை சேரும். காஸ்ட்ரோட்ரிக்கின் குஞ்சுக்கு அத்தகைய மிதக்கும் பருவம் இல்லை. முட்டையிலிருந்து வரும்போதே தாயின் சாயலில் வந்து, அதே மணலில் வாழத் தொடங்குகிறது. கரை மணலை வண்டி வண்டியாக அள்ளிச் செல்லும்போது நாம் வெறும் மண்ணையா அள்ளுகிறோம்? இத்தனை சிக்கனமாகக் காத்த ஒரு குலத்தின் முதலையும் சேர்த்தே அள்ளுகிறோம்.