தொப்புள்கொடிக்கு எதிரான சட்டம்

ஈழம் என்றதும் நம் மேடைகளில் முதலில் வந்து விழுகிற சொல் ‘தொப்புள்கொடி உறவு’. நானும் கை தட்டியிருக்கிறேன். அந்த உறவில் ஒருத்தி ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் தெருவிலேயே ஜாக்கெட் தைத்துக்கொண்டிருக்கிறார்.

1990இல் போர் மறுபடி மூண்டபோது கைக்குழந்தையாக மன்னாரிலிருந்து படகில் வந்தவர். மண்டபம் முகாம், அப்புறம் வேறொரு முகாம், அப்புறம் கல்யாணம். கணவர் உள்ளூர்க்காரர், கிண்டி எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். மகன் 2008இல் இதே சென்னையில் பிறந்தவன். அவனுக்கு பாஸ்போர்ட் எடுக்கப் போனார்கள். அம்மாவின் குடியுரிமை என்ன என்ற கேள்வியில் விண்ணப்பம் நின்றுவிட்டது.

“அவங்க அப்பா பேப்பர்ல ஒரு குறையும் இல்லண்ணா. என்னாலதான் நிக்குது.”

எந்தத் தாயும் சொல்லக் கூடாத வாக்கியம் இது. அதை அவர் வாயில் வைத்தது நம் குடியுரிமைச் சட்டம்.

1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்திருந்தால் போதும், இந்தியர். அதற்குப் பிறகு, 2004 டிசம்பர் 3க்கு முன்புவரை பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். அந்தத் தேதியிலிருந்து, ஒருவர் இந்தியர் என்றால் மற்றவர் ‘சட்டவிரோதக் குடியேறி’யாக இருக்கக் கூடாது. உரிய பயண ஆவணம் இல்லாமல் வந்தவர் எல்லாருமே சட்டப்படி அந்தப் பட்டியல்தான். குண்டு விழும்போது யார் பாஸ்போர்ட் ஆபீஸ் தேடிப் போவார்கள்? இந்தியரைக் கட்டிக்கொண்டாலும் அவர் விண்ணப்பிக்க முடியாது. புருஷன் வீடுதான் உன் வீடு என்று எல்லாப் பெண்களுக்கும் ஓதுகிற சமூகம், இவர்களிடம் மட்டும் வாயை மூடிக்கொள்கிறது.

அப்பா அகதியாக இருந்தாலும் இதே விதிதானே என்பார்கள். ஆமாம். ஆனால் ‘தொப்புள்கொடி’ என்று நாம் கூவுவது தாயின் உடம்பை வைத்துத்தானே?

நம்மைவிட இறுக்கமான நாடு என்று பெயரெடுத்த ஜப்பானைப் பாருங்கள். அங்கேயே தலைமுறைகளாக வாழ்ந்த கொரியர்களின் ஜப்பானியக் குடியுரிமையை 1952இல் ஒரே நாளில் பறித்தார்கள். கொரியரை மணந்த ஜப்பானியப் பெண்ணால்கூடத் தன் பிள்ளைக்குத் தன் குடியுரிமையைக் கொடுக்க முடியாது. அப்பா வழிதான் கணக்கு. 1985இலிருந்து தாய்வழியும் செல்லும் என்று அவர்களே சட்டத்தை மாற்றினார்கள். அவர்கள் கதவைத் திறந்து இருபது வருஷம் கழித்து நாம் சாத்தினோம்.

சாத்தியபோது மத்திய அமைச்சரவையில் திமுக இருந்தது. 2019இல் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றை மட்டும் எண்ணி இலங்கையை விட்டபோது, மாநிலங்களவையில் அதிமுக ஆதரித்து வாக்களித்தது. 2021இல் ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ ஆக்கினோம். போர்டு மாறியது. 2025இல் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்த ஈழத்தமிழர்களுக்கு, ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனையிலிருந்து விலக்கு தந்தது. நல்லதுதான். ஆனால் ஜெயிலில் போடமாட்டோம் என்பது குடியுரிமை ஆகாது.

குடியுரிமை கொடுத்தால் ஈழத்தில் தமிழர் எண்ணிக்கை குறையும், ஒருநாள் திரும்பிப் போகத்தான் வேண்டும் என்று வாதிடுகிற நண்பர்கள் உண்டு. ஈக்காட்டுத்தாங்கலில் வளர்ந்த பையன் எந்த ஊருக்குத் ‘திரும்ப’ வேண்டும்? வரைபடத்தில் காட்டுங்கள்.

மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. 2024 தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். கொண்டாடினோம். 1987க்கு முன் பிறந்ததால் கிடைத்த நீதி அது. பின்னால் பிறந்தவர்களுக்குச் சட்டத்தில் ஒரு வரி மாற வேண்டும்: அரசிடம் பதிவு செய்த அகதி சட்டவிரோதக் குடியேறி அல்ல. அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்க முடியாதவர்கள் இனிமேல் மேடையில் தொப்புள்கொடியைத் தொடாமல் பேசட்டும்.