மண்ணுக்கு முன் தொட்டிக்கு

2003-ஆம் ஆண்டு தமிழக அரசு பிறப்பித்த அவசரச் சட்டம், புதியது பழையது என்ற வேறுபாடின்றி எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு அமைப்பைக் கட்டாயமாக்கியது. சென்னையின் குடிநீர் ஏரிகள் வற்றிக் கிடந்த நாட்களில் பிறந்த அந்தச் சட்டம் பெரும்பாலான வீடுகளில் ஒரே வடிவில்தான் நிறைவேறியது: மொட்டை மாடியிலிருந்து இறங்கும் குழாய், அது சென்று சேரும் ஜல்லியும் மணலும் நிரப்பிய கசிவுநீர்க் குழி அல்லது பழைய கிணறு. இவ்வாறு நீரை நிலத்துக்குள் இறக்கி நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துவது செறிவூட்டல் எனப்படும். பெய்த நீரை மூடிய தொட்டியில் பிடித்து வைத்து நேரடியாகப் புழங்குவது சேமிப்பு. முதலாவது ஊரெங்கும் வேரூன்ற, இரண்டாவது ஏறக்குறைய மறக்கப்பட்டது பெரிய இழப்பு.

செறிவூட்டலின் பயனை யாரும் மறுக்க முடியாது. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான கடலோரப் பகுதிகளில் அது கடல்நீர் உட்புகுவதையும் தடுக்கிறது. ஆனால் வானத்திலிருந்து ஏறக்குறைய உப்பே இல்லாமல் இறங்கும் நீர், மண்ணையும் பாறையையும் கடந்து ஆழ்துளைக் கிணற்றின் வழியே மேலே வரும்போது கால்சியம், மக்னீசியம் உப்புகளைக் கரைத்துக்கொண்டு கடின நீராகத் திரும்புகிறது. அதாவது சோப்பு நுரைக்காத, பாத்திரத்தில் வெண்படலம் படியும் நீராகிறது. பருப்பு வேகக்கூடிய மென்மையான நீரை மண்ணுக்குள் அனுப்பிவிட்டு, அதே வீட்டார் குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீரை விலைக்கு வாங்கும் நிலைக்கு இதுவும் ஒரு காரணம். 2019-ஆம் ஆண்டு ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் குடிநீர் கொண்டுவர நேர்ந்தபோது, முந்தைய பருவமழையில் ஓரளவேனும் தொட்டியில் பிடித்து வைத்திருந்த வீடு குடிநீருக்கேனும் தவித்திருக்காது.

தொட்டிச் சேமிப்புக்கு எதிராக வழக்கமாகச் சொல்லப்படும் வாதம், மூன்று மாதங்களில் பெய்யும் மழையை ஓராண்டுக்குத் தேக்கி வைக்க வீட்டில் இடம் ஏது என்பதாகும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் என்ற எளிய கணக்கின்படி, 1,000 சதுர அடி, அதாவது சுமார் 93 சதுர மீட்டர் மாடியில், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் சென்னையில், ஆவியாதலும் சிதறலும் போக ஒரு லட்சம் லிட்டர் வரை கிடைக்கும். இதை முழுதும் தேக்க எந்த வீட்டாலும் இயலாது என்பது உண்மையே. ஆனால் முழுதும் தேக்கவேண்டிய தேவையும் இல்லை. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர் வீதம் நாளொன்றுக்கு 40 லிட்டர் போதும். தென்மேற்குப் பருவகாலத்து மாலை மழைகள் ஜூன் முதலே அவ்வப்போது தொட்டியை நிரப்பிவிடும் என்பதால், உண்மையில் கடக்கவேண்டிய வறண்ட காலம் ஜனவரி முதல் மே வரையிலான ஐந்து மாதங்களே. அதற்கு வேண்டியது 6,000 லிட்டர்: இரண்டு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் ஒன்றரை மீட்டர் ஆழமும் கொண்ட ஒரு தொட்டி. குளியலுக்கும் கழிப்பறைக்கும் குழாய்நீரும் கிணற்றுநீரும் இருக்க, எந்த நீர் எந்தப் பயனுக்கு என்று பிரித்துப் பார்த்த அந்தக் கணத்திலேயே இயலாது என்ற வாதம் வலுவிழந்து போகிறது.

இந்தப் பிரிவினை தமிழர் வாழ்க்கைக்குப் புதிதன்று. செட்டிநாட்டு வீடுகளின் ஓட்டுக்கூரை உள்முற்றத்தை நோக்கிச் சரிய, அங்கே விழும் நீரை அண்டாக்களில் பிடித்துச் சமையலுக்கு வைத்துக்கொண்டார்கள். இலங்கையின் வறண்ட பகுதிகளில் ஃபெர்ரோசிமென்ட் எனப்படும், கம்பிவலையின் மேல் மெல்லிய சிமென்ட் பூச்சு பூசிக் கட்டும் முறையில், பூசணிக்காய் வடிவிலான 5,000 லிட்டர்த் தொட்டிகள் கிராமத்து வீடுகளின் ஓரத்தில் இன்றும் நிற்கின்றன. நிலத்தடி நீரின் கடினத்தன்மையும் சிறுநீரக நோயும் அச்சுறுத்தும் ஊர்களில் குடிநீருக்கு மழைநீரே பரிந்துரைக்கப்படுகிறது.

தொட்டியில் சேரும் நீரின் தூய்மை, கூரையின் தூய்மையிலிருந்தே தொடங்குகிறது. பல வாரங்களாகத் தூசியும் புறா எச்சமும் காய்ந்த இலையும் படிந்த மாடியைக் கழுவி இறங்கும் முதல் மழையைத் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்றுவது முதல்நீர் விலக்கல் எனப்படும். கடைகளில் இதற்கென விற்கும் அமைப்புகள் பெரும்பாலும், அடிமூடி போட்ட ஒரு செங்குத்துக் குழாயே. நான்கு அங்குலக் குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 8 லிட்டர்தான் கொள்ளும். 1,000 சதுர அடி மாடியில் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மழையை விலக்குவதற்கு 100 முதல் 200 லிட்டர் வரை வெளியேறவேண்டும் என்பதால், அந்தக் குழாயை மட்டும் நம்பியிருப்பது தவறு; இறங்குகுழாயில் ஒரு வால்வு வைத்து, மழை தொடங்கிய சிறிது நேரம் நீரை வெளியே விட்டுப் பிறகு தொட்டிக்குத் திருப்புவதே நம்பகமானது. யாரும் வீட்டில் இல்லாத நேரத்து மழை வீணாகிறதே என்று வருந்துவோர், விலக்கிய நீரையும் செறிவூட்டல் குழிக்கே அனுப்பலாம். முதல்நீரை விலக்கியபின், கூழாங்கல், கரி, மணல் அடுக்கிய வடிகட்டி வழியாக நீர் தொட்டியை அடையவேண்டும். எடுக்கும் குழாயைத் தொட்டியின் அடிமட்டத்திலிருந்து சில அங்குலம் உயர்த்தி வைத்தால் வண்டல் கலங்காது. வெளிச்சம் புகாத தொட்டியில் பாசி வளராது. இத்தனைக்குப் பிறகும் குடிக்கும் நீரைக் காய்ச்சியே குடிக்கவேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்தும் ஈயம் கலந்த வண்ணம் பூசிய கூரையிலிருந்தும் குடிநீர் பிடிக்கவே கூடாது.

தூய்மைக்கு அடுத்த கவலை கொசு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையைவிட நன்னீரையே விரும்பி முட்டையிடும். வறண்ட தொட்டிச் சுவரில் ஒட்டிய முட்டை பல மாதங்கள் உயிர்ப்புடன் இருந்து அடுத்த மழையில் பொரியும். எனவே மூடியும், காற்றுக்குழாய், வழிகுழாய் ஆகியவற்றின் வாயில் கட்டிய நுண்வலையும், ஆண்டுக்கொரு முறை உட்சுவரைத் தேய்த்துக் கழுவுவதும் தவிர்க்க முடியாத கடமைகள். திறந்த பீப்பாயில் மழைநீர் பிடித்து வைப்பவர், எவ்வளவு நல்லெண்ணம் கொண்டவராயினும், தெருவுக்கே தீங்கு செய்கிறார்.

தோட்டத்தின் கணக்கு வேறு. செடிகள் மிகுதியாக நீர் கேட்பது பங்குனி முதல் வைகாசி வரையில். அந்தத் தேவையைத் தொட்டியில் தேக்க முயன்றால் வீட்டைவிடப் பெரிய தொட்டி வேண்டும். தோட்டத்துக்கு உரிய சேமிப்பிடம் மண்ணே: மரங்களைச் சுற்றி வட்டப்பாத்தி, வேர்ப்பகுதியில் காய்ந்த இலையும் தேங்காய் மட்டையும் பரப்பிய மூடாக்கு, மழைநீர் ஓடிவிடாதபடி சற்றே தாழ்ந்த பாத்திகள். ஆயினும் மாடித்தோட்டத் தொட்டிகளுக்கு 1,000 லிட்டர்ப் பீப்பாய் ஒன்று மிகப் பயன்படும். 15 மில்லிமீட்டர் மழையே அதை நிரப்பிவிடும் என்பதால் ஆண்டில் பலமுறை நிரம்பி, மழைக்கு இடைப்பட்ட வெயில் நாட்களைத் தாங்கும். ஆழ்துளைக் கிணற்று நீரால் தொட்டிமண்ணில் சேர்ந்துபோன உப்பை, உப்பில்லாத இந்நீர் கழுவி இறக்கவும் செய்யும்.

புதிதாகக் கட்ட இடமில்லாத வீடுகளிலும் வழி உண்டு. சென்னையின் பெரும்பாலான தனிவீடுகளில், குடிநீர் வாரிய நீரைத் தேக்க சம்ப் எனப்படும் நிலத்தடித் தொட்டி ஏற்கெனவே இருக்கிறது. அது போதிய அளவு பெரிதாயின் நடுவே நீர்க்கசிவில்லாத சுவர் எழுப்பி, ஒரு பாதியை மழைநீருக்கென்றே ஒதுக்கலாம். அதன் வழிகுழாய் 2003-இல் தோண்டிய அதே கசிவுநீர்க் குழியில் சென்று முடியட்டும். தொட்டி நிரம்பிய பிறகு மிச்சமெல்லாம் நிலத்துக்கு. ஐப்பசி பிறக்கும் முன்பே மாடியைப் பெருக்கிக் கழுவி, மழைநீர்க் குழாயின் வாயில் அடைத்த இலைகளை அகற்றி, நான்கு குடம் நீரை மாடியில் ஊற்றி அது தொட்டி வரை தடையின்றி வருகிறதா என்று பார்த்துக்கொண்டால், வடகிழக்குப் பருவத்தின் முதல் பெருமழையும் கைநழுவிப் போகாது.