படித்துக் கற்கும் கணினி

2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், இணையப் பக்கங்களைப் படித்துத் தானே அறிவு சேர்க்கும் கணினி நிரல் ஒன்று இயங்கத் தொடங்கியது. அதன் பெயர் 'நெல்'. வயலில் விளைவதன்று, ஆங்கிலப் பெயரின் சுருக்கம்.

இனிப்பு பிஸ்கட்டுக்கு ஆங்கிலத்தில் 'குக்கி' என்று பெயர். இணையதளங்கள் கணினியில் விட்டுச்செல்லும் சிறு குறிப்புக்கும் அதே பெயர். நெல் இரண்டையும் தின்பண்டமாகவே கொண்டது. 'குக்கிகளை அழித்தேன்', 'கோப்புகளை அழித்தேன்' என்று மக்கள் எழுதியிருந்தமையால், கோப்பும் தின்பண்டமே என்று முடிவு கட்டியது! மனிதர் தலையிட்டுத் திருத்த நேர்ந்தது.

திருவனந்தபுரம் கரமனையில் வளரும் தமிழ்ச் சிறுமி இத்தகைய பிழைக்கு ஆளாவதில்லை. தமிழில் வெள்ளம் என்பது கரைபுரளும் பெருக்கு. மலையாளத்தில் குடிக்கும் நீரும் வெள்ளமே. பக்கத்து வீட்டு அம்மா 'வெள்ளம் வேணோ' என்று செம்பை நீட்டினால் வாங்கிப் பருகுவாள்; கரமனையாற்றில் வெள்ளம் என்று பாட்டி சொன்னால் படித்துறைப் பக்கம் போகமாட்டாள். அவள் செம்பையும் ஆற்றையும் கண்டவள். கணினி கண்டது எழுத்தை மட்டுமே.

இன்றைய கணினிகள் பன்மடங்கு படிக்கின்றன. சூழல் நோக்கிப் பொருளையும் பிரித்தறிகின்றன. ஆயினும் எழுதப்படாததை எவ்வாறு படிக்கும்? மலையாளம் கலந்த கரமனைத் தமிழ் பெரும்பாலும் வாய்ப்பேச்சிலேயே வாழ்கிறது. கணினிக்குத் தமிழ் கற்பிப்போர் இணையத்தோடு நின்றுவிடாமல் அக்கிரகாரத் திண்ணைகளுக்கும் வரவேண்டும். கணினியின் பிழைகளைத் திருத்தும் பணியை அச்சிறுமியிடமே ஒப்படைக்கலாம்.