டீச்சர் லீவா? கோலம் போடச் சொல்லுங்க!

திருச்சி தொடக்கப்பள்ளிகளில் ஒரு டீச்சர் லீவு போட்டால், பக்கத்து வகுப்பு டீச்சர் தலையில் இரண்டு வகுப்பு! "கைகட்டு, வாய்பொத்து!" அன்றைய பாடம் அவ்வளவுதான். படம் வரையச் சொன்னால் என்ன?

2009 கல்வி உரிமைச் சட்டம் பகுதிநேர ஓவிய ஆசிரியர் கேட்பது 6 முதல் 8-ம் வகுப்புக்குத்தான். அதுவும் 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால். சின்னப் பிள்ளைகளுக்கு யாருமில்லை.

வரையத் தெரியாத டீச்சரும் நடத்தலாம். ஸ்ரீரங்கத்தில் வாசலுக்கு வாசல் புள்ளிக்கோலம் இருக்கு. போர்டில் புள்ளி வைத்தால் போதும், பிள்ளைகளே இழுத்துவிடுவார்கள். ராஜகோபுரத்துக்கு 13 நிலை. ஒன்றன்மேல் ஒன்றாக 13 கட்டம், மேலே போகப் போகச் சின்னதாக! கணக்கும் வந்தாச்சு. இலைமேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நரம்பெல்லாம் தெரியும்.

செலவு? ஒரு சாக்பீஸ். பள்ளிக்கொரு 'லீவு நாள் ஓவிய நோட்டு' வைக்கக் கல்வி அதிகாரிகள் கவனிப்பார்களா?