வேலியையும் கொஞ்சம் பாருங்களேன்!

எங்கள் தோட்டத்தைச் சுற்றி மரவேலி. சவுக்குக் கட்டைகளை நட்டு, குறுக்கே பலகை அடித்தது. போன வருஷம் ஒரு மூலையில் வேலி சாய்ந்தது. "என்னங்க, கொஞ்சம் பாருங்க" என்று கணவரிடம் சொன்னேன். "ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்றார். நாலு ஞாயிறு போனது. ஐந்தாவது வாரம் ஆடுகள் புகுந்து கீரைப் பாத்தி, அவரைக் கொடி எல்லாவற்றையும் காலி செய்துவிட்டன.

வேலை செய்ய வந்தவரோ, "எல்லாம் மக்கிப் போச்சும்மா, பிடுங்கிட்டு காம்பவுண்டு சுவர் கட்டிடுங்க" என்றார். அவ்வளவு பணத்துக்கு எங்கே போவது? என் மாமியார்தான், "ஒரு ஆணியை எடுத்து ஒவ்வொரு கட்டையையும் அடியில குத்திப் பாரும்மா" என்றார். 22 கட்டைகளில் மூன்றில்தான் ஆணி சுலபமாக இறங்கியது. மூன்றும் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் தேங்குகிற இடத்தில் இருந்தவை! மூன்றை மட்டும் மாற்றினோம். வேலி இன்றும் நிற்கிறது.

பெரும்பாலும் கட்டை மக்குவது மண்ணை ஒட்டிய இடத்தில்தான். அங்கேதான் ஈரமும் காற்றும் சேர்கின்றன. கறையானும் அந்த வழியாகத்தான் ஏறும்.

தோல் பதனிடும் ஊர்களுக்கு நடுவே இருக்கிறோம். பச்சைத் தோலை அப்படியே போட்டால் அழுகும் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்தினார்கள். தண்டவாளத்துக்கு அடியில் போட்ட மரக்கட்டைகளுக்கும் தார் எண்ணெய் ஏற்றினார்கள். வேலிக் கட்டையை மட்டும் ஏன் அப்படியே நட்டு விடுகிறோம்?

வருஷத்தில் ஒரு நாள் போதும். மழைக்கு முன், மரம் நன்றாகக் காய்ந்திருக்கும் சித்திரை, வைகாசியில் செய்யலாம். கட்டையின் அடியில் குவிந்த மண்ணையும் சருகையும் தள்ளி விடுங்கள். கறையான் மண் கோடு தெரிந்தால் சுரண்டி எடுங்கள். துவைக்கும் தண்ணீரை வாழைக்குத் திருப்பி விடுங்கள். புதுக் கட்டை நட்டால், மண்ணுக்குள் போகும் பாகத்துக்கும் அதற்கு மேல் ஒரு சாணுக்கும் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசிக் காய விடுங்கள். அது தோலைப் புண்ணாக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஆடுகிற பலகைக்குத் துருப்பிடிக்காத ஆணி அடியுங்கள்.

குழி தோண்டிக் கட்டை நடுவதற்குத்தான் ஆண் துணை வேண்டும். மற்றதெல்லாம் நம்மால் முடியும். பாத்தி போட்டவள் நாம், ஆட்டை விரட்டுகிறவளும் நாம். சுத்தியலை மட்டும் ஏன் அவர் கைக்காக வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்? நாலு ஞாயிறு காத்திருந்து நான் இழந்தது ஒரு தோட்டம். நீங்கள் காத்திருக்காதீர்கள், தோழிகளே!

– ஓர் இல்லத்தரசி, ஜோலார்பேட்டை.